விடுதிச் சுவரில் ஒரு சாத்துக்குடித் தட்டு: பழ ஓவியம் ஒன்றின் நிறமும் மனநிலையும் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் காந்தி சாலையை ஒட்டிய தெருக்களில் தங்கும் விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. சிகிச்சைக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம், பக்கத்து ஆந்திரம், பழைய வட ஆர்க்காட்டின் உள்ளூர்கள் என்று பல இடங்களிலிருந்து குடும்பங்கள் வந்து தங்குகின்றன. சிலர் இரண்டே நாளில் கிளம்பிவிடுவார்கள், சிலருக்கு மாதக்கணக்காகிவிடும். கடைப் பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும் தெரியும். அப்படி ஒரு விடுதியில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

விடுதி உரிமையாளர் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக்கூடத்தைப் புதுப்பித்து, சுவருக்கு நல்ல மாம்பழ மஞ்சள் அடித்தார். எதிர்ச்சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே பழங்கள் உள்ள எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று வேண்டும் என்று தெரிந்த ஓவிய ஆசிரியை ஒருவரைக் கேட்டார். "சாப்பிடுற இடம், பழம் இருந்தா லட்சணமா இருக்கும் டீச்சர்." பேச்சு அவ்வளவுதான். எந்தச் சுவர், என்ன விளக்கு, எந்த நேரத்தில் அங்கே ஆட்கள் உட்காருவார்கள் என்பதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளவில்லை. ஆசிரியை தன் வீட்டுக் கிழக்கு ஜன்னலோரத்தில் வைத்து மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸில் வரைந்து முடித்தார். நான் சத்துவாச்சாரியில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன், படங்களுக்குச் சட்டம் போடும் வேலையும் செய்கிறேன். இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில்தான் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

படத்தில் இருப்பது

பித்தளைத் தாம்பாளத்தில் ஐந்து சாத்துக்குடி, பச்சை முழுதும் மாறாத மஞ்சளில். வலப்பக்கம் உடைத்து வைத்த மாதுளை, உள்ளே முத்துகள் கருஞ்சிவப்பு. தாம்பாள விளிம்பின் மேல் சரிந்து கிடக்கும் பன்னீர் திராட்சைக் கொத்து. முன்னால், தோலில் புள்ளி விழுந்த ஏலக்கிப் பழம் இரண்டு. எல்லாம் ஒரு வெள்ளைத் துணியின் மேல் இருக்கின்றன. துணி மடிப்புகளில் விழும் நிழல் நீலம். பின்சுவர் அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணம் கலந்து எடுத்த சாம்பல் நீலம்.

வெளிச்சம் இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து தாழ்வாக வருகிறது. சாத்துக்குடிகளின் இடக் கன்னத்திலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் மட்டும் அது பளிச்சென்று நிற்கிறது. வலப்பக்கம் போகப் போக எல்லாம் அடங்குகிறது. மாதுளையின் வெளிவிளிம்பு பின்சுவருக்குள் கரைந்தே போகிறது. ஓவியம் பழகியவர்கள் இந்தக் கரையும் விளிம்பை ரசிப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணில் அது படாமலே போகலாம்.

புகார்

படம் மாட்டிச் சில வாரங்களில் மேலாளர் உரிமையாளரிடம் போனார். செங்கம் பக்கத்திலிருந்து மகனின் சிகிச்சைக்காக வந்து நெடுநாளாகத் தங்கியிருந்த ஒருவர், "அந்தப் படத்துக்கு எதிர்ல என்ன உக்கார வெக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டாராம். வேறு சிலரும் படம் இருட்டாக, சோகமாக இருக்கிறது என்றார்களாம்.

உரிமையாளர் எளிதான வழி ஒன்றை யோசித்து வைத்திருந்தார். "பின்னால இருக்கிற நீலத்த மட்டும் மஞ்சளாக்கிடலாமா மாஸ்டர்? செவுத்துக்கும் பொருந்திப் போயிடும். நீங்க சொன்னா டீச்சர் கேப்பாங்க."

நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்ற கணக்கு இதற்கு அடியில் இருந்தது. இந்தக் கணக்கை என் வகுப்பு மாணவர்களிடமும் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பழ ஓவியத்தைக் கொடுத்து மனநிலையை எழுதச் சொன்னால், நிறங்களின் பெயரைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் உணர்ச்சியை எழுதிக் கொண்டுவருவார்கள். படத்தையே பார்க்காமல்கூட எழுதிவிடக்கூடிய விடை அது. அதனாலேயே இந்த நிகழ்வை முழுதாகப் பதிவு செய்யத் தோன்றியது.

முதல் முடிவு: படத்தில் கை வைக்க வேண்டாம்

உடனே மாற்ற வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டு காரணம் உண்டு.

பின்சுவரின் நீலம் பின்சுவரோடு நிற்கவில்லை. துணியின் நிழலில் இருப்பது அதே நீலம். சாத்துக்குடிகளின் வலப்பக்கத்தில் பச்சையோடு இழைந்திருக்கும் சாம்பலும், திராட்சை மேல் படிந்த மாவு போன்ற பூச்சும் அந்தச் சுவரிலிருந்துதான் வருகின்றன. சுவரை மட்டும் மஞ்சளாக்கினால் இந்த நீலங்களுக்குப் பிறப்பிடம் இல்லாமல் போகும். பழங்கள் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியவை போல நிற்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. பார்த்தவர்களுக்குச் சோகம் தந்தது நீலம்தான் என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. உரிமையாளர் அப்படி ஊகித்திருந்தார், அவ்வளவுதான்.

பார்த்தவர்களைக் கேட்ட விதம்

சோகமா, சந்தோஷமா என்று யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். படத்தில் என்ன இருக்கிறது, கண் முதலில் எங்கே போனது என்று கேட்டோம். யாராவது ஓர் உணர்ச்சியைச் சொன்னால் "அது எங்கே இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள்" என்றோம். இந்தக் கடைசிக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். விரல் வைக்க இடமில்லாத உணர்ச்சி பார்ப்பவரிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அதிலும் தவறில்லை, ஆனால் அதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓவியரின் எண்ணத்தைக் கடைசியில் கேட்பது என்றும் வைத்துக்கொண்டோம். முதலிலேயே கேட்டிருந்தால் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுச் சரி, தப்பு என்று மதிப்பெண் போட ஆரம்பித்திருப்போம்.

மேலாளர் விரலை வைத்தது வலது மேல் மூலையில். "இங்கதான் இருட்டா இருக்குது." செல்போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. அடர்த்தியில், அதாவது எவ்வளவு வெளிர், எவ்வளவு இருள் என்ற அளவில், படத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நடுத்தரத்தைவிட இருண்டிருந்தது.

சமையல்கார அம்மா மாதுளையைக் காட்டினார். "உள்ள அழுகின மாதிரி பழுப்பா இருக்குது. நல்ல பழமா வரையக் கூடாதா?" இது எனக்கு வியப்பாக இருந்தது. சட்டம் போடும்போது நான் பார்த்த மாதுளை பழுப்பாக இல்லை.

கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி, அறைப் பையன் வங்காளியில் மொழிபெயர்த்துச் சொல்ல, வேறொன்றைச் சொன்னார். துர்கா பூஜை முடிந்து வரும் பௌர்ணமியில் அவர்கள் வீடுகளில் நடக்கும் லட்சுமி பூஜையின் மாலை நேரம் போல இருக்கிறதாம், பழங்களை அறுத்துப் படைத்து வைத்த தட்டு என்றார். எங்கே என்று கேட்டபோது பித்தளை விளிம்பின் ஒளிக்கோட்டைக் காட்டினார். பக்கத்தில் எங்கேயோ விளக்கு எரிகிறது என்பது அவர் வாசிப்பு. படத்தில் விளக்கு கிடையாது.

என் வகுப்பு மாணவர் ஒருவர் வாழைப்பழத்தின் கரும்புள்ளிகளைக் காட்டி, 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் அழுகும் பழத்தையும் பாதி உரித்த எலுமிச்சையையும் வைத்து வாழ்க்கையின் நிலையாமையைச் சொன்னது போல இதுவும் இருக்கிறது என்றார். படித்ததை நினைவில் வைத்திருக்கிறார், மகிழ்ச்சி. இங்கே அதை ஏற்க முடியவில்லை. நம் பக்கத்தில் தோலில் புள்ளி விழுந்த ஏலக்கியைத்தான் பதமாகப் பழுத்தது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். ஆம்ஸ்டர்டாமில் செய்த சாவியை எல்லாப் பூட்டிலும் நுழைக்கக் கூடாது.

கடைசியாகச் செங்கத்துக்காரர். அவரைக் கேட்பதா என்றே தயங்கினோம். அவராகவே வந்து நின்றார். அவர் விரல் சாத்துக்குடியில் தொட்டு, மாதுளைக்குப் போய், வெள்ளைத் துணியில் நின்றது. "தெனம் இதைத்தான் வாங்கிக்கினு வார்டுக்குப் போறேன் மாஸ்டர். ரத்தம் ஊறும்னு மாதுள, தெம்புக்குச் சாத்துக்குடி. படுக்கையில வெள்ளத் துணி. சாப்பாட்டுக்கு உக்காந்தா இங்கயும் அதேதான்." பின்சுவரின் நீலத்தைப் பற்றிக் கேட்டேன். "செவுரா? அத நான் கவனிக்கவே இல்ல."

அவரிடமிருந்து இதைக் கேட்டதும் உரிமையாளர் மஞ்சள் யோசனையை விட்டுவிட்டார். படத்தின் பின்சுவரை மாற்றினாலும் இவருக்குப் படம் மாறப்போவதில்லை.

ஓவியர் சொன்னது

மார்கழி விடியல். கோலம் போடப் போகும் முன்பு அவருடைய அம்மா பூஜைக்குப் பழத்தட்டை எடுத்து வைத்துவிடுவாராம். விளக்கு ஏற்றும் முன், ஜன்னலில் வெளுக்கும் வெளிச்சத்தில் தட்டு எப்படித் தெரியுமோ அதைத்தான் வரைந்திருக்கிறார். "நான் போட்ட படத்துலயே சந்தோஷமானது இதுதான் மாஸ்டர். சோகம்னு சொன்னா என்ன பண்றது?"

அவர் கண் பொய் சொல்லவில்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுக்கும், நீலம் ஒப்பளவில் தூக்கலாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் உடலியலாளர் புர்கின்யே கவனித்துச் சொன்னது இது. விடிகாலையில் பூவைப் பார்த்தால் யாரும் சோதித்துக்கொள்ளலாம்: செம்பருத்தி கறுப்பாக இருக்கும், நீலச் சங்குப்பூ தெளிவாகத் தெரியும். கருஞ்சிவப்பு மாதுளையும் நீலத் துணி நிழலும் அந்த நேரத்தின் உண்மை. அடுத்த கணம் வெயில் ஏறப் போகிறது என்பது வரைந்தவருக்குத் தெரியும். சாத்துக்குடியின் இடக் கன்னத்து மஞ்சள் அதற்கான முன்னறிவிப்பு. சாப்பாட்டுக்கூடத்தில் அந்த மஞ்சள் செத்துப் போயிருந்தது. ஏன் என்று பார்ப்பதுதான் அடுத்த வேலையாக இருந்தது.

விளக்கும் சுவரும்

கூடத்தில் எரிந்தது 6500 கெல்வின் எல்இடி டியூப். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும். நீலம் தூக்கலான வெள்ளை. மலிவான எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு அலைநீளங்கள் குறைவு. பெட்டியில் அச்சிடும் நிறக்காட்டல் எண், அதாவது சிஆர்ஐ, வெளிர் நிறங்கள் எட்டை வைத்துக் கணக்கிடும் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் சேராது. அதனால் 80 என்று போட்டிருக்கும் விளக்கின் கீழும் மாதுளை பழுப்பாகத் தெரியலாம். அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்சிவப்பு வண்ணத்தில் போட்ட முத்துகளை இந்த டியூப் அப்படித்தான் ஆக்கியிருந்தது. சமையல்கார அம்மா சொன்ன அழுகலைப் படத்தில் சேர்த்தது விளக்கு.

படத்தை இறக்கி மாடிப்படி ஜன்னலருகே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் வைத்ததும் அந்த அம்மாவே, "இது வேற பழம் மாதிரி இருக்குதே" என்றார்.

கூடத்துச் சுவரின் பங்கு விளக்கைவிடப் பெரியது என்பது என் கணிப்பு. பாரிஸ் கோபலின் சித்திரத்திரை நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறை இல்லை, பக்கத்து நூலின் நிறமே கறுப்பை அப்படிக் காட்டியது. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளும் என்று அவர் 1839இல் விரிவான நூலாகவே வெளியிட்டார். ஆரணியில் பட்டுக்கு உடலும் கரையும் சேர்ப்பவர்கள் இதைக் கையால் அறிந்தவர்கள்.

நம் கூடத்தில் மாம்பழ மஞ்சள் சுவர் நான்கு பக்கமும் சூழ்ந்து, படத்தின் சாம்பல் நீலத்தை ஊதாப் பக்கம் தள்ளி இன்னும் அடர்த்தியாகக் காட்டியது. அத்தனை தெளிவான மஞ்சளுக்கு நடுவில் சாத்துக்குடியின் மெல்லிய மஞ்சள் வெளிறிப் போனது. படத்துக்குள் வெளிச்சம் நுழையும் ஒரே வாசல் அந்த மஞ்சள். சுவர் அதை அடைத்துவிட்டது. உரிமையாளர் பொருத்தம் என்று நினைத்த மஞ்சளே படத்தை இருட்டாக்கியது. இதைக் காட்ட ஒரு வெள்ளைச் சார்ட் தாளை வெட்டிப் படத்தைச் சுற்றிப் பிடித்தோம். சட்டென்று சாத்துக்குடி எழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருமே அதைக் கண்டார்கள்.

மாட்டிய உயரம் காரணமாக மேல் பகுதியில் வார்னிஷ் பளபளப்பும் இருந்தது. அது சிறிய விஷயம், படத்தைச் சற்றுச் சாய்த்தால் போய்விடும்.

இருள் என்றால் சோகமா

விளக்கையும் சுவரையும் கழித்த பிறகும் படம் இருள் மிகுந்ததுதான், மேலாளர் சரியாகவே பார்த்தார். உரிமையாளருக்கு இருந்த கேள்வி: "இருட்டா இருந்தா சோகம்தானே?"

பதிலாக இரண்டு பழ ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டினேன். ஒன்று, இத்தாலியின் கரவாஜியோ 1590களின் இறுதியில் வரைந்த பழக்கூடை, மிலான் நகரின் அம்புரோசியானா கலைக்கூடத்தில் இருப்பது. பின்புலம் முழுக்க வெளிர் மஞ்சள், இருளே கிடையாது. ஆனால் ஆப்பிளில் புழுத்துளை, இலைகள் சுருண்டு காய்கின்றன, கூடை மேசை விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீண்டு நிற்கிறது. பார்க்கப் பார்க்க ஒரு பதற்றம் வரும். மற்றொன்று, ஸ்பெயினின் சுர்பரான் 1633இல் வரைந்தது, அமெரிக்காவின் பசடேனாவில் இருக்கிறது. தட்டில் எலுமிச்சை வகைப் பழங்கள், கூடையில் பூக்களோடு ஆரஞ்சு, பக்கத்தில் ஒரு கிண்ணம் நீரும் ரோஜாவும். பின்புலம் கிட்டத்தட்டக் கறுப்பு. ஆனால் அதில் சோகம் துளியும் இல்லை. மூன்று பொருளும் சன்னதியில் வைத்தது போல ஒழுங்காக, தனித்தனியாக, முழு ஒளியில் நிற்கின்றன.

உரிமையாளர் சுர்பரானைப் பார்த்து, "இது கோயில் தட்டு" என்றார். இருட்டாக இருந்தும் கோயில் என்று அவருக்கு எப்படித் தோன்றியது? விளிம்புகள் கூர்மையாக இருப்பதால், இடைவெளி சமமாக இருப்பதால், ஒரு பழம்கூட நிழலுக்குள் தொலையாமல் இருப்பதால். நம் ஓவியரின் படத்தில் மாதுளை தொலைகிறது, திராட்சை சரிகிறது. அமைதியோடு ஒரு சிறு கலக்கமும் சேர்கிறது. ஆசிரியையிடமே இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மா போன பிறகு வரைந்த படம்தான் இது என்றார். அவர் சொன்ன சந்தோஷமும் மற்றவர்கள் கண்ட கனமும் ஒரே படத்தில் இருக்கின்றன என்றே நான் படிக்கிறேன்.

இரண்டாம் முடிவும் அதன் பின்னும்

படத்தைச் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து முதல் மாடிப் படித்திருப்பத்துக்கு மாற்றினோம். அங்கே சுவர் மங்கிய வெள்ளை, கிழக்கே ஜன்னல். இரவு விளக்குக்கு உரிமையாளர் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி கேட்டார். போட்டுப் பார்த்தபோது சாத்துக்குடி அழகாக வந்தது, ஆனால் துணியின் நீலம் மங்கி விடியல் அந்தி ஆகிவிட்டது. ஆசிரியை ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கும் அவர் பக்கமே நியாயம் தெரிந்தது. சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள 4000 கெல்வின் விளக்கில் இரண்டும் நின்றன. அதையே வைத்தோம்.

கூடத்துக்கு ஆசிரியை வேறொன்று வரைந்து கொடுத்தார். பங்கனப்பள்ளி, செந்தூரா, கிளிமூக்கு மாம்பழங்கள், நடுவில் பிளந்த பலா. சுவரின் மஞ்சளை மனதில் வைத்துப் பின்புலத்துக்கு இலைப்பச்சை கொடுத்தார். அது பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவுமில்லை.

படித்திருப்பத்தில் முதல் படத்துக்கு எதிரே சிலர் நிற்கிறார்கள் என்று மேலாளர் சொன்னார். செங்கத்துக்காரரின் வாசிப்பு மாறவில்லை. புதிய இடத்தில் பார்த்துவிட்டு, "இப்போ பழம் நல்ல பழமா இருக்குது. ஆனா எனக்கு அது வார்டுதான்" என்றார். அவரிடம் வேறு விளக்கம் எதையும் நாங்கள் சொல்லவில்லை. வேலூரில், அந்தத் தெருவில், சாத்துக்குடிக்கு அந்தப் பொருள் இருக்கிறது. அவர் படத்தைத் தவறாகப் படித்ததாக நான் எழுத மாட்டேன்.

இனி மாற வேண்டியவை

ஓர் இடத்துக்கென்று படம் வரைபவர் தொடங்கும் முன்பே அந்தச் சுவரின் நிறத்தையும் விளக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும். சுவருக்கு அடித்த வண்ணத்தை அட்டைத் துண்டில் பூசி வாங்கி, ஈசலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாலே போதும். அங்கே உட்காரப் போகிறவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். நோயாளிகளின் உறவினர்கள் சாப்பிடும் இடத்தில் எந்தப் பழம் எதை நினைவூட்டும் என்பது நிறத்துக்கு முன்பே எழும் கேள்வி.

ஓவியத்தைப் படிப்பவருக்கும், கற்பிப்பவருக்கும் நான் வலியுறுத்துவது வரிசையை. முதலில் இருப்பதைச் சொல்வது, பிறகு விரல் வைப்பது, பிறகு உணர்ச்சி, அதன் பிறகே ஓவியரின் எண்ணம். படத்தை ஒரே விளக்கில் பார்த்துவிட்டு எழுத உட்காரக் கூடாது. கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பார்ப்பது நிறத்தையும் அடர்த்தியையும் பிரித்துக் காட்டும். பெரும்பாலும் நாம் நிறத்தின் மேல் போடும் பழி அடர்த்தியுடையது.

என் வகுப்பில் நிறத்துக்கு நேராக உணர்ச்சி எழுதும் பயிற்சியை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரே சாத்துக்குடியை மூன்று பின்புலத்தில் வரையச் சொல்கிறேன். ஆசிரியையும் படம் கேட்டு வருபவர்களிடம் முன்பணம் வாங்கும் முன் ஒன்று கேட்கிறார்: மாட்டப் போகும் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பகலில் ஒன்றும் இரவு விளக்கில் ஒன்றுமாகச் செல்போனில் எடுத்து அனுப்ப வேண்டும்.